பக்கத்து சீட்காரர் எவ்வளவு கொடுத்தார்? விமான டிக்கெட் விலையின் கதை

சென்னையிலிருந்து டெல்லி போற ஒரு விமானத்தை நினைச்சுக்கோங்க. 180 சீட். எல்லாரும் ஒரே நேரத்துல ஏறி, ஒரே நேரத்துல இறங்கப் போறாங்க. 14-வது வரிசையில ஜன்னல் பக்கம் இருக்கிறவர் 4,500 ரூபாய் கொடுத்திருக்கார். அவருக்கு அடுத்த சீட்ல இருக்கிறவர் 11,000 ரூபாய் கொடுத்திருக்கார். ரெண்டு பேருக்கும் அதே சீட், அதே இடுப்பு பெல்ட், அதே தண்ணி பாட்டில். விலை மட்டும் ஏன் வேற?

"டிமாண்ட், சப்ளை" என்று ஒரே வரியில் சொல்லி முடிச்சிடலாம். ஆனா தக்காளிக்கும் டிமாண்ட், சப்ளை எல்லாம் இருக்கு. கோயம்பேடு மார்க்கெட்ல ஒரே கூடையில இருந்து எடுத்து ரெண்டு பேருக்கு ரெண்டு விலை சொன்னா அங்கேயே சண்டை வரும். விமானத்துல வர்றதில்லை, ஏன்னா பக்கத்து சீட்காரர் கொடுத்தது நமக்குத் தெரியாது. இந்த ஏற்பாடு தானா நடந்தது கிடையாது. சில பேர் உட்கார்ந்து கணக்குப் போட்டு, அதை சாஃப்ட்வேராக எழுதியிருக்கிறார்கள். அந்தக் கதை தெரிஞ்சா, மலிவான டிக்கெட் தேடுறது எப்படி என்பதும் கூடவே புரிஞ்சிடும். அதனால முதல்ல கதை, அப்புறம் டிப்ஸ்.

விலை அசையாத காலம்

ரொம்ப காலம் விமான டிக்கெட்டுக்கு கிட்டத்தட்ட பஸ் டிக்கெட் மாதிரி நிலையான விலைதான் இருந்தது. அமெரிக்காவில் 1938-ல் வந்த ஒரு சட்டத்தின் வழியாக சிவில் ஏரோநாட்டிக்ஸ் போர்டு என்ற அரசு அமைப்பு வந்தது. எந்த நிறுவனம் எந்த ஊருக்குப் பறக்கலாம், எவ்வளவு கட்டணம் வாங்கலாம் என்பதை அந்த போர்டுதான் முடிவு பண்ணும். விலையில் போட்டி போட முடியாததால், நிறுவனங்கள் சாப்பாட்டிலும் உபசரிப்பிலும் போட்டி போட்டன. இந்தியாவில் 1953-ல் ஏர் கார்ப்பரேஷன்ஸ் சட்டம் வந்து விமானத் துறையே அரசின் கைக்குப் போனது. உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ், வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா. விலை ஒப்பிட்டுப் பார்க்கிற வேலையே யாருக்கும் இல்லை.

இந்தக் கட்டுப்பாட்டில் ஒரு ஓட்டை இருந்தது. அமெரிக்க போர்டின் அதிகாரம் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போகும் விமானங்களுக்கு மட்டும்தான். ஒரே மாநிலத்துக்குள்ளேயே பறந்தா? அதைத்தான் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் 1971-ல் பண்ணியது. டெக்சாஸ் மாநிலத்துக்குள் மூணே ஊர்: டல்லஸ், ஹூஸ்டன், சான் ஆன்டோனியோ. 1972-ல் அவங்க ரெண்டு விலை வெச்சாங்க. வேலை நாள்ல பகல் நேரம்னா 26 டாலர். ராத்திரியும் சனி, ஞாயிறும் 13 டாலர். அதே விமானம், அதே சீட். ஆனா செவ்வாய்க்கிழமை காலை 9 மணிக்கு பறக்கிறவர் பெரும்பாலும் ஆபீஸ் வேலையா போறவர், சனிக்கிழமை பறக்கிறவர் சொந்தக் காசுல போறவர். ஆளைக் கேட்காமலேயே, நேரத்தை வெச்சு ஆளைக் கண்டுபிடிச்சாச்சு.

1973 தொடக்கத்தில் போட்டி நிறுவனமான பிரானிஃப், டல்லஸ்-ஹூஸ்டன் வழியில் எல்லாருக்கும் 13 டாலர் என்று அறிவித்தது. சவுத்வெஸ்ட் கொடுத்த பதில் பிரமாதமானது: "13 டாலர் கொடுத்தும் வரலாம். முழு 26 டாலர் கொடுத்தா, ஒரு பாட்டில் விஸ்கி இலவசம்." நிறைய பேர் 26 கொடுத்தே வந்தாங்க. காரணம் ரொம்ப சிம்பிள். டிக்கெட் காசு கம்பெனி கொடுக்கும், பாட்டில் வீட்டுக்கு வரும்! பயணம் செய்றவரும் பணம் கொடுக்கிறவரும் வேற வேற ஆளா இருக்கும்போது விலை எப்படி இருந்தாலும் அவருக்கு உறைக்காது. இந்தக் கதையின் மிச்ச பாகம் முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் ஓடுது.

ரெண்டு ஸ்மித்துகள்

நிறைய விலை வைக்கணும்னா நிறைய கணக்கு வைக்கணும். 1950-களில் ஒரே ஒரு விலைக்கான கணக்கே திண்டாட்டமாக இருந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அலுவலகத்தில் எட்டு ஊழியர்கள் ஒரு சுழலும் அட்டைப் பெட்டகத்தைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு அட்டை. போன் வந்தா அட்டையைத் தேடி எடுத்து, சீட் இருக்கான்னு பார்த்து, குறிச்சு வைக்கணும். ஒரு புக்கிங் முழுசா முடிய சராசரியா 90 நிமிஷம் ஆனது.

1953-ல் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயார்க் போன விமானத்தில் ரெண்டு பேர் பக்கத்து பக்கத்துல உட்கார நேர்ந்தது. ஒருத்தர் ஐபிஎம் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த பிளேர் ஸ்மித். இன்னொருத்தர் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் தலைவர் சி. ஆர். ஸ்மித். பெயர் ஒற்றுமையில் ஆரம்பிச்ச பேச்சு, புக்கிங் தலைவலியில் போய் நின்றது. அதிலிருந்து பிறந்ததுதான் சேபர் என்ற முன்பதிவு சிஸ்டம். 1960-ல் சோதனை ஓட்டம், 1964-ல் முழுப் பயன்பாடு. வங்கிக்கோ கடைக்கோ ஆன்லைன் என்ற சொல்லே தெரியாத காலத்தில், ஊர் ஊராக இருந்த ஊழியர்கள் போன் லைன் வழியாக ஒரே கம்ப்யூட்டரோடு உடனுக்குடன் பேசினார்கள். இன்னைக்கு நாம ஏதாவது ஒரு ஆப்ல "சீட் இருக்கா?"ன்னு தட்டும்போது நடக்கிற விஷயத்தின் பாட்டன் அது.

மல்லிப்பூவும் கடைசி சீட்டும்

விமான சீட் ஒரு அழுகும் சரக்கு. கதவை மூடினதும் காலி சீட்டின் மதிப்பு பூஜ்யம். பூக்கடையில் மல்லிப்பூவும் அப்படித்தான், ராத்திரி தாண்டினா வீண். அதனால பூக்காரம்மா சாயங்காலம் போகப் போக விலையை இறக்குவாங்க. விமானத்தில் நேர்மாறா கடைசி நேரத்தில் விலை ஏறுது. ஏன்? கடைசி நேரத்தில் வர்றவர், போயே ஆகணும்னு வர்றவர்.

1970-களின் தொடக்கத்தில் பிஓஏசி என்ற பிரிட்டிஷ் நிறுவனம் (இன்றைய பிரிட்டிஷ் ஏர்வேஸின் முன்னோடிகளில் ஒன்று) 21 நாள் முன்னாடியே புக் பண்ணினா விலை குறைவு என்று ஒரு சலுகை வைத்தது. உடனே ஒரு சிக்கல். சலுகையில் எத்தனை சீட் கொடுக்கலாம்? நிறைய கொடுத்தால், கடைசியில் முழு விலையோடு வர்றவரைத் திருப்பி அனுப்பணும். கம்மியா கொடுத்தால் காலி சீட்டோடு பறக்கணும்.

அங்கே வேலை பார்த்த கென் லிட்டில்வுட் 1972-ல் இதுக்கு ஒரு விதி எழுதினார். ஒரு உதாரணம் போடலாம். முழு விலை 10,000, சலுகை விலை 4,000. இப்போ ஒருத்தர் 4,000 ரூபாயோடு வந்து நிக்கிறார். கொடுக்கலாமா? இந்த சீட்டை வெச்சிருந்தா அது 10,000 ரூபாய்க்கு விற்க எவ்வளவு வாய்ப்பு என்று பாருங்க. வாய்ப்பு 50 சதவீதம் என்றால், வெச்சிருப்பதன் சராசரி மதிப்பு 5,000. அது 4,000-ஐ விட அதிகம், அதனால "சலுகை சீட் தீர்ந்துவிட்டது" என்று சொல்லிடலாம். வாய்ப்பு 30 சதவீதம் என்றால் மதிப்பு 3,000 தான், உடனே வித்துடலாம். நம்ம கோடில் ஒரே ஒரு இஃப் கண்டிஷன்!

இதில் கவனிக்க வேண்டிய விஷயம்: "தீர்ந்துவிட்டது" என்று சொல்லும்போது விமானத்தில் சீட் இருக்கு. அந்த விலையில்தான் இல்லை.

குறைந்த விலைக்காரர்களை வீழ்த்திய கணக்கு

1977 ஒரு திருப்புமுனை வருஷம். செப்டம்பர் 26-ம் தேதி ஃப்ரெடி லேக்கர் என்ற பிரிட்டிஷ்காரர் லண்டன்-நியூயார்க் இடையே ஸ்கைட்ரெயின் சேவையைத் தொடங்கினார். ஒரு வழிக்கு 59 பவுண்ட். முன்பதிவு கிடையாது, வரிசையில் நின்று டிக்கெட் எடுக்கணும். அதே வருஷம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சூப்பர் சேவர் என்ற பெயரில் சலுகை டிக்கெட் கொண்டுவந்தது. அதற்கு மூணு வேலிகள். முன்கூட்டியே வாங்கணும், போன இடத்தில் குறைந்தது இத்தனை நாள் தங்கணும், அந்த விலையில் சீட்டும் அளவாகத்தான் இருக்கும்.

இந்த வேலிகளிலேயே பிரபலமானது பின்னாளில் வந்த சனிக்கிழமை ராத்திரி விதி. போன ஊரில் ஒரு சனிக்கிழமை ராத்திரி தங்கினால்தான் மலிவு விலை. ஆபீஸ் வேலையாகப் போறவர் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு ஓடிடுவார். சுற்றிப்பார்க்கப் போறவர் தங்குவார். டெக்சாஸில் கடிகாரம் செய்த வேலையை இங்கே காலண்டர் செய்தது.

1978 அக்டோபர் 24 அன்று அமெரிக்காவில் விமானக் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டத்தில் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்டார். மூணு வருஷத்தில் நியூவார்க்கை மையமாக வைத்து பீப்பிள் எக்ஸ்பிரஸ் வந்தது. டிக்கெட் காசை விமானத்துக்குள்ளேயே வசூலிப்பாங்க. லக்கேஜுக்கு தனிக் காசு, காபிக்கு தனிக் காசு. இன்னைக்கு நாம புலம்புற "எல்லாத்துக்கும் தனித்தனி சார்ஜ்" அப்பவே வந்தாச்சு! ஆனா அப்போ மக்கள் கொண்டாடினாங்க, ஏன்னா டிக்கெட் உண்மையிலேயே மலிவு. பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவர்கள் விமானம் ஏறினார்கள்.

1985 ஜனவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அல்டிமேட் சூப்பர் சேவர் என்று அறிவித்தது. மலிவு நிறுவனங்களோடு போட்டி போடுற விலை, ஆனா வேலி போட்ட சில சீட்டுகளுக்கு மட்டும். மிச்ச சீட்டுகளை முழு விலைக்காரர்களுக்காக கம்ப்யூட்டர் காத்து வைத்தது. எதிர்ப்பக்கம் பீப்பிள் எக்ஸ்பிரஸிடம் அந்த மாதிரி சிஸ்டம் இல்லை. மலிவு தேடினவர்கள் அந்தப் பக்கமும் போக ஆரம்பித்தார்கள். 1986-ல் பீப்பிள் எக்ஸ்பிரஸ் விற்கப்பட்டது, 1987-ல் அந்தப் பெயரே மறைந்தது. லேக்கர் 1982-லேயே திவால். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் கணக்கு முறையைப் பற்றி 1992-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், மூணு வருஷத்தில் அதன் பலன் 140 கோடி டாலர் என்று மதிப்பிட்டது.

26 எழுத்துகள்

இந்த முறை இன்னைக்கும் உங்க டிக்கெட்ல உட்கார்ந்திருக்கு. பாரம்பரிய சிஸ்டங்களில் ஒவ்வொரு விலைத் தட்டுக்கும் ஒரு ஆங்கில எழுத்து. அதனால அதிகபட்சம் 26 தட்டுகள். கீழ்த் தட்டில் சில சீட்டுகள், அது தீர்ந்தா அடுத்த தட்டு, அப்புறம் அதற்கு மேல். நீங்க பார்த்துட்டு, டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள 600 ரூபாய் ஏறுதுன்னா, பெரும்பாலும் யாரோ அந்தத் தட்டின் கடைசி சீட்டை வாங்கியிருக்காங்க. இதை விளக்குறதுக்கு "வெப்சைட் என்னை உளவு பார்க்குது" என்கிற கதையே தேவையில்லை. இன்காக்னிட்டோவில் திறந்தாலும் அந்த சீட் திரும்பி வராது.

இந்தத் தட்டுகளோட ஒவ்வொரு நிறுவனத்தின் விதிகளையும், மாறிப் போகிற ஊர்களையும் சேர்த்தா, மிக மலிவான டிக்கெட்டைக் கண்டுபிடிப்பது பயங்கரமான கணக்கு. 1996-ல் எம்ஐடி-யைச் சேர்ந்த கம்ப்யூட்டர் விஞ்ஞானிகள் ஐடிஏ சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் தொடங்கி, லிஸ்ப் மொழியில் இதுக்கு ஒரு தேடுபொறி எழுதினார்கள். அதில் இருந்த கார்ல் டி மார்க்கென், பொதுவான வடிவத்தில் இந்தக் கேள்விக்கு எந்த கம்ப்யூட்டராலும் உறுதியான விடை தர முடியாது என்றே காட்டினார். 2010-ல் கூகுள் அந்த நிறுவனத்தை 70 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அடுத்த வருஷம் வந்த கூகுள் ஃபிளைட்ஸ் அதன் மேல் கட்டியதுதான்.

நம்ம ஊருக்கு வந்தபோது

இந்தியாவில் 1953 சட்டம் 1994-ல் விலக்கப்பட்டது. 2003 ஆகஸ்டில் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் பெங்களூரு-ஹூப்ளி வழியில் பறந்தது. "சூரரைப் போற்று" பார்த்திருப்பீங்க, அவர் வாழ்க்கைப் புத்தகத்தைத் தழுவிய படம்தான் அது. பின்னாடி வந்த ஒரு ரூபாய் டிக்கெட் பெரிய கனவாக இருந்தது. ஆனா எல்லா சீட்டையும் ஒரு ரூபாய்க்கு வித்தா பெட்ரோலுக்கே கட்டாது. ஒரு ரூபாய் என்பது கீழ்த் தட்டில் இருந்த சில சீட்டுகள். அந்தக் கனவையும் பிழைக்க வைத்தது லிட்டில்வுட் மாதிரி ஆட்களின் கணக்குதான். முழு விலை கொடுத்த யாரோ ஒருத்தர், முதல் தடவை விமானம் ஏறின ஒரு பாட்டியின் டிக்கெட்டுக்கு பாதி காசு கொடுத்திருக்கிறார் என்றும் சொல்லலாம்.

அதனால இந்த முறையை முழுசா திட்ட எனக்கு மனசு வரலை. ஆனா ஒரு இடத்தில் இது வலிக்கும்.

என் டீமில் ஒருத்தருக்கு ஒரு நாள் காலை 5 மணிக்கு போன் வந்தது. மதுரையில் அப்பா இறந்துட்டார். பெங்களூரிலிருந்து முதல் விமானத்துக்கு 14,000 ரூபாய் காட்டியது. அதே வழிக்கு ஒரு மாசம் முன்னாடி வாங்கினா 4,000-க்குள் முடியும். அவர் யோசிக்காம வாங்கினார். அந்த சாஃப்ட்வேருக்கு அவர் யாராகத் தெரிந்தார்? நாளைக்கே மீட்டிங், கம்பெனி காசு, விஸ்கி பாட்டில் வாங்கிட்டுப் போற அந்த 26 டாலர் ஆளாகத் தெரிந்தார். "அவசரமா வர்றவரிடம் பணம் இருக்கும்" என்பது 50 வருஷம் முன்னாடி போட்ட ஒரு அனுமானம். பல நேரம் சரி. துக்க வீட்டுக்குப் போறவருக்கும், ஆஸ்பத்திரிக்கு ஓடுறவருக்கும் தப்பு.

இந்தத் தப்பு நிறுவனங்களுக்கும் தெரியும். அமெரிக்காவில் பல நிறுவனங்கள் துக்கத்துக்குப் போறவர்களுக்குத் தனிக் கட்டணம் வைத்திருந்தன. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதை 2014-ல் நிறுத்தியது. இந்தியாவில் கொரோனா காலத்தில், 2020 மே மாசத்திலிருந்து 2022 ஆகஸ்ட் வரை, அரசு உள்நாட்டுக் கட்டணத்துக்கு மேல் எல்லையும் கீழ் எல்லையும் வைத்தது. உடான் திட்டத்தில் 2017-ல் பறக்க ஆரம்பித்த விமானங்களில், ஒரு மணி நேரப் பயணத்துக்கு பாதி சீட்டுகளுக்கு 2,500 ரூபாய் உச்சவரம்பு இருந்தது. ஆக, எல்லை வைக்கவே முடியாது என்பது உண்மை இல்லை. தீபாவளிக்கு ஆம்னி பஸ் கட்டணம் ஏறினா நாம கேள்வி கேட்கிறோம், அமைச்சர் பதில் சொல்றார். விமானக் கட்டணத்துக்கும் அந்தக் கேள்வியைக் கேட்கலாம். குறைந்தபட்சம், ஒரு விமானத்தில் சில சீட்டுகளை மருத்துவ, மரண அவசரத்துக்கு எல்லை வைத்த விலையில் ஒதுக்கச் சொல்லலாம். 26 எழுத்துகளில் ஒரு எழுத்து போதும்.

சரி, டிப்ஸ்

எல்லாமே இந்தக் கதையிலிருந்து வர்றதுதான்.

ஒண்ணு: நாலு பேர் போறீங்கன்னா, முதல்ல ஒரே ஒரு ஆளுக்குத் தேடிப் பாருங்க. கீழ்த் தட்டில் ரெண்டு சீட்தான் மிச்சம் என்றால், நாலு பேருக்குத் தேடும்போது பல சிஸ்டங்கள் நாலு பேருக்குமே மேல் தட்டு விலையைக் காட்டும். ரெண்டு ரெண்டா வாங்கினா மிச்சம்.

ரெண்டு: தேதியை நகர்த்த முடிந்தால், அதுதான் உங்ககிட்ட இருக்கிற பெரிய ஆயுதம். வேலி முழுக்க தேதி நகர்த்த முடியாதவங்களுக்காகப் போட்டது. ஒரு மாசக் காலண்டரைத் திறந்து பாருங்க. வெள்ளி சாயங்காலம், ஞாயிறு ராத்திரி, திங்கள் காலை, இந்த மூணையும் தவிர்த்தாலே வித்தியாசம் தெரியும்.

மூணு: போக ஒரு நிறுவனம், வர ஒரு நிறுவனம் என்று பிரிச்சுப் பாருங்க. பக்கத்து விமான நிலையத்தையும் பாருங்க. மதுரைக்குத் தேடும்போது திருச்சியும் தூத்துக்குடியும் கூட.

நாலு: வேற ஊருக்கு டிக்கெட் எடுத்து நடுவுல இறங்கிடும் தந்திரத்தை ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. நடுவுல இறங்கினா மிச்ச டிக்கெட், திரும்பி வர்றது உட்பட, ரத்தாகலாம். செக்-இன் பண்ணின பெட்டி கடைசி ஊருக்குப் போயிடும்.

அஞ்சு: பண்டிகைக்கு "கடைசி நேரத்தில் இறங்கும்" என்று காத்திருக்காதீங்க. மல்லிப்பூவுக்குத்தான் அது நடக்கும்.

அடுத்த எபிசோட்ல ஐஆர்சிடிசி-யோட தட்கல் கதை. அது ரயில்வே போட்ட வேலி. பார்க்கலாம்.